பேய்க்குக் குரல் கொடுத்தவள்

அந்தத் தாய்லாந்துப் படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அத்தனை முறை பார்த்தும் அதில் யார் நல்லவன், யார் பேய், யார் யாரை ஆட்டி வைக்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. பிடிபடாமலேயே அதற்குத் தமிழில் வசனம் எழுதி, பேய்க்குக் குரலும் கொடுத்துவிட்டு வந்தேன். என் பிழைப்பு அப்படி.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நான் வேலை செய்யும் டப்பிங் ஸ்டூடியோ. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வாடகை வீட்டிலிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்து அங்கே போவேன். சீனத் தொடர், துருக்கித் தொடர், கொரியப் படம் என்று எது வந்தாலும் தமிழாக்குவோம். மூல மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாரோ ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய ஸ்கிரிப்டைப் பார்த்து நான் தமிழில் எழுதுவேன். அந்த ஆங்கிலத்தைப் படித்தால் எழுதியவரைக் கூப்பிட்டு நாலு அறை விடலாமா என்று இருக்கும். "அவன் தன் விலையைச் சாப்பிட்டான்" என்று ஒரு வரி. என்ன சாப்பிட்டான், ஏன் சாப்பிட்டான், ஒன்றும் விளங்காது. படத்திலோ அவன் ஆற்றங்கரையில் நின்று மூக்கில் ரத்தம் வழிய அழுதுகொண்டிருப்பான்.

எனக்குப் புரிந்த வரையில் கதை இதுதான். ஆற்றோரத்தில் ஓர் ஊர். பழைய குத்துச்சண்டைக்காரன் ஒருவன். ஊரைத் தின்ன வரும் பிசாசுக் கும்பலை அடித்து விரட்ட, அவனே ஒரு பெண் பேயை உடம்புக்குள் ஏற்றிக்கொள்கிறான். ஓங்கிக் குத்தினால் சுவர் பிளக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் பேய் அவனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். முதலில் நாக்கின் ருசி போகிறது. அப்புறம் சின்ன வயது ஞாபகம் போகிறது. மோதிரத்தைத் தருகிறேன், சுண்டுவிரலைத் தருகிறேன் என்று அவன் பேரம் பேசுவான். பேய் சிரிக்கும். அந்தச் சிரிப்பு என்னுடையது. வலிக்காததை எனக்கு ஏன் தருகிறாய் என்று கேட்கும். இதுவரை சரி. ஆனால் இதே பேய்தான் ஊரையும் காப்பாற்றுகிறது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வெள்ளை உடை போட்ட நல்லவர்களோ வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். அப்படியென்றால் இது பேயா, சாமியா? எந்தக் குரலில் பேசுவது?

ஒலிப்பதிவு செய்கிற சீன இளைஞனிடம் கேட்டேன். அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. திரையில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்தே என் நடிப்புக்கு மார்க் போடுகிறவன். எதற்கு அக்கா இவ்வளவு யோசிக்கிறீர்கள், பயமாக இருந்தால் போதும் லா என்று மலாயில் சொல்லிவிட்டு பன்னைக் கடித்தான்.

என் சிக்கல் அந்தப் பேரம் பேசுகிற காட்சியில்தான். புத்தகத் தமிழில் எழுதினால் நாடகக் கொட்டகை மாதிரி கேட்டது. சாதாரணமாக எழுதினாலோ நம் ஆட்கள் முனியாண்டி முன்னால் நின்று வேண்டிக்கொள்வது போலவே இருந்தது. எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் கிள்ளானில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். படம் என்ற சொல்லை அம்மாவிடம் எடுத்து ரொம்பக் காலமாகியிருந்தது. அது ஏன் என்று சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அப்பா நாங்கள் சிறுசாக இருக்கும்போதே போய்விட்டார். சம்பளம் வாங்கிய வாரம் அம்மாவும் நானும் படத்துக்குப் போவோம். தம்பிக்குப் படம் என்றால் தூக்கம் வந்துவிடும், அவனை விட்டுவிட்டுத்தான் போவோம். பேய்ப்படம் என்றால் அம்மாவுக்கு உயிர். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து திரையோடு பேசுவாள். கதவைத் திறக்காதே, சொன்னால் கேட்க மாட்டாயா, போ, செத்துப் போ என்று கதாநாயகியைத் திட்டுவாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். பேய் வருகிற நேரத்தில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் விரல் பதிந்த இடம் சிவந்திருக்கும். நான் வேலைக்குப் போய், பிரிக்பீல்ட்ஸில் வீடு எடுத்த பிறகும் இது நிற்கவில்லை. கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய் அவளை அழைத்துக்கொண்டு படத்துக்குப் போவேன்.

ஒருநாள் அப்படிப் படம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பிக்கு விபத்து. படம் என்பதால் அம்மா அன்று சமைக்கவில்லை. கடையில் சாப்பாடு தாப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கட்டி வாங்கி வரலாம் என்று மோட்டார் சைக்கிளில் போனவனை லோரி தட்டிவிட்டது. தலையிலும் காலிலும் பலத்த அடி. பிழைப்பானா என்பதே தெரியாமல் மருத்துவமனையில் கிடந்தான். பிழைத்தான். முதலில் கம்போடு, பிறகு கம்பில்லாமல் நடந்தான். இப்போது கல்யாணமாகி, அம்மாவோடு அதே வீட்டில் இருக்கிறான்.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு ஒரு படத்துக்கும் வரவில்லை. கூப்பிட்டால் முட்டி வலி என்பாள், தலைவலி என்பாள், அடுப்பில் குழம்பு இருக்கிறது என்பாள். சரி, படத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது போல என்று நினைத்தேன். பிறகு பக்கத்து வீட்டு ஆன்டி பாசாரில் காய்கறி வாங்கும்போது என்னைப் பார்த்து, போன வாரம் உங்கம்மாவும் நானும் படத்துக்குப் போனோம், உங்கம்மா கத்துன கத்தல்ல எனக்குக் காது போச்சு என்று சிரித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அவளோடு போகலாம். என்னோடு ஆகாது. வீட்டில் டிவியில் நான் குரல் கொடுத்த தொடர் வந்தால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் அங்கே இல்லாத நாளிலும் அப்படித்தான் என்று தம்பி மனைவி வாய் தவறிச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் அம்மா என்மேல் பழி வைத்திருக்கிறாள் என்பதுதான். படத்துக்கு அழைத்துப் போனது நான். அதனால் சோறு ஆக்கவில்லை. அதனால் அவன் வெளியே போனான். நானா லோரி ஓட்டினேன் என்று தனியாக ரயிலில் வரும்போது அவளிடம் மனசுக்குள் சண்டை போடுவேன். நேரில் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் எதையும் நேராகக் கேட்கிற பழக்கம் கிடையாது. மற்றபடி அம்மா பாசமாகத்தான் இருந்தாள். போனால் சோறு போடுவாள், வரும்போது கருவாடு கட்டிக்கொடுப்பாள். அதுதான் இன்னும் குழப்பம்.

ஆக, போனில் படம் என்று சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன். ஒருத்தன் ஓர் உயிரைக் காப்பாற்றச் சொல்லி வேண்டுகிறான், பதிலுக்கு ஒன்றைத் தருகிறேன் என்கிறான், அதை எப்படிம்மா சொல்லுவான் என்று கேட்டேன். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை.

"உசுரா? அப்ப ஆடு, கோழின்னு ஆரம்பிக்கக் கூடாது. அது எல்லாரும் குடுக்குறது. எது இல்லாம தன்னால இருக்க முடியாதோ, அதச் சொல்லணும். சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும்."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.  அம்மா இன்னொன்றும் சொன்னாள்.

"கெடு சொல்லணும். எத்தன வருசத்துக்குன்னு. அத மட்டும் மறந்துரக் கூடாது."

சோறு பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டாள். அம்மா கரண்ட் குக்கரில் சோறு ஆக்க ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. பொங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. வசனம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாள் அதை, எதைத் தர வேண்டும் என்று பேய் அவனுக்குச் சொல்வதாக வைத்து, அப்படியே மைக்கில் பேசினேன். கத்தவில்லை, உறுமவில்லை. அம்மா பேசுகிற மாதிரி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவள் மாதிரிப் பேசினேன். சீன இளைஞன் பன்னைக் கீழே வைத்துவிட்டு, என்ன பேசினீர்கள் என்று தெரியாது, ஆனால் கையைப் பாருங்கள் அக்கா, மயிர் நிற்கிறது என்று காட்டினான். ஹெட்போனைக் கழற்றும்போதுதான் எனக்குத் தோன்றியது. இவ்வளவு துல்லியமாக அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கெடு மறந்துவிடக் கூடாது என்று யார் சொல்வார்கள்? மறந்தவர்தானே சொல்வார்?

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். ரயிலில் நூறு விதமாக யோசித்தேன், ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. அம்மா வேண்டிக்கொண்டிருந்தால் மொட்டை போட்டிருப்பாள், காவடி எடுக்கச் சொல்லியிருப்பாள். ஒன்றும் செய்யவில்லையே. போய்ச் சேர்ந்தபோது தம்பி வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். அம்மா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன்.

"தம்பி ஆஸ்பத்திரில கெடந்தப்ப என்னாம்மா வேண்டிக்கிட்ட?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீதான் போன்ல சொன்ன, கெடு மறக்கக் கூடாதுன்னு."

அம்மா அடுப்பை அணைத்தாள். மீன் பாதி வெந்து கிடந்தது. முதலில் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். தம்பி ஹோஸைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

ஆபரேஷனுக்கு டாக்டர் கையெழுத்துக் கேட்ட அன்று மதியம், நான் கேன்டீனுக்கு டீ வாங்கப் போயிருந்தபோது, அவள் வெளியே நடந்து போயிருக்கிறாள். சாலையோரத்தில் ஒரு மரத்தடி முனியாண்டி கோயில். கையில் ஒன்றும் இல்லை. சூடம் இல்லை, சுருட்டு இல்லை, அவள் பைகூட என்னிடம் இருந்தது. வெறுங்கையோடு நின்றுகொண்டு எதைக் கொடுப்பது என்று யோசித்திருக்கிறாள். நகை அப்போதே அடகில். உடம்பில் தெம்பு இல்லை, அலகு குத்த முடியாது. வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தபோது ஒன்றுதான் தோன்றியதாம்.

"அவன் எந்திரிச்சு நடந்து வீட்டுக்கு வந்தா, இனிமே எம்மவகூட உக்காந்து படம் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

எனக்கு உடனே வந்தது கோபம்தான். மற்றதெல்லாம் பிறகு வந்தது. அதுதான் பக்கத்து வீட்டு ஆன்டியோடு போய்ப் பார்த்தாயே என்று கேட்டேன்.

"படத்த யாரு குடுத்தா? படம் கெடக்கு. உன் பக்கத்துல உக்காந்து பாக்குறதத்தான் குடுத்தேன். என்கிட்ட வேற என்னா இருந்துச்சு சொல்லு."

"டிவில என் கொரல் வந்தா எந்திரிச்சுப் போறியே, அது?"

"கொரலு நீ இல்லாம யாரு?"

இத்தனை காலமும் நான் அவமானம் என்று சுமந்துகொண்டு திரிந்தது இதைத்தான். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று தெரியாமல் நின்றேன். சரி, எத்தனை வருஷத்துக்கு என்று சொன்னாய் என்று கேட்டேன். அம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள்.

"அதான் சொல்ல மறந்துட்டேன். அவசரத்துல வாய்ல வரல. பாதி வழி வந்தப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் போயிச் சொன்னா பேரம் பேசுற மாரி ஆயிரும்னு வந்துட்டேன்."

ஐயோ அம்மா. அரிசி வாங்கப் போனால் கடைக்காரனை மூன்று முறை நிறுக்க வைக்கிறவள் நீ. இதில் போய் கெடு சொல்ல மறப்பாயா? அதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேறொன்றைத்தான் கேட்டேன். நீ பாட்டுக்குக் கொடுத்துவிட்டாயே, அதில் பாதி என்னுடையது இல்லையா, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது போலிருந்தது. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாயா என்று திருப்பிக் கேட்டாள். வாசலில் தம்பி பாடிக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். 

"அவங்கிட்ட சொல்லிராத. நடக்குறப்பல்லாம் நெனச்சுக்குவான்."

அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்க என் மண்டை குழம்பிக் கிடந்தது. ஒரு நேரம் பெருமையாக இருக்கும். ஓர் உயிருக்கு ஈடாக என் பக்கத்தில் உட்காருவதை வைத்திருக்கிறாளே, அவ்வளவு பெரிய ஆளா நான்? அடுத்த நேரமே, பிடித்ததைத்தானே கொடுத்தாள், அப்படிக் கொடுக்கவும் மனசு வந்ததே என்று எரியும். ஸ்டூடியோவில் அந்தக் குத்துச்சண்டைக்காரன் ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருப்பான், நான் பேயாக அவனிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பேன்.  வாங்குகிறவர் பக்கம் நின்று பேசும்போதுதான் தெரிந்தது, அவன் கொடுத்ததை வைத்துக்கொண்டு பேய்க்கு என்ன லாபம் என்று அந்தப் படத்தில் ஒருவரும் சொல்லவே இல்லை. முனியாண்டிக்குத்தான் என்ன லாபம்?

அந்த மரத்தடிக் கோயிலைத் தேடிப் போனேன். பூசாரி பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நான் சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். இந்த மாதிரி ஒரு வேண்டுதலைக் கேள்விப்பட்டதில்லை என்றார். கெடு சொல்லவில்லையென்றால் முடிவது எப்போது என்று அவருக்கும் குழப்பம்தான் என்று சிலையைக் காட்டினார். வேண்டுமானால் அம்மாவை அழைத்து வாருங்கள், பூ போட்டுக் கேட்டுப் பார்ப்போம், வெள்ளைப் பூ வந்தால் சாமி போதும் என்கிறார் என்று அர்த்தம், சிவப்பு வந்தால் இன்னும் முடியவில்லை, வெள்ளை வந்தால், ஒரு பொங்கல் வைத்து முடித்துக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கிருந்தே நேராகக் கிள்ளான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். எனக்குத் தெரியும், அவளுக்கும் ஆசை இருந்தது. பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். செவப்பு வந்தால் மனசு ஒடிந்துவிடும், வெள்ளை வந்தால் பயம் வந்துவிடும் என்றாள். வெள்ளை வந்தால் என்ன பயம் என்று கேட்டேன். அவன் தினமும் வேலைக்கு மோட்டாரில்தான் போகிறான் என்றாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? எனக்கும் பயம் வந்துவிட்டது. படித்தவள், பட்டணத்தில் இருக்கிறவள், எனக்கும்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் வந்தது. நான் கிள்ளானில் இருந்தேன். தம்பியும் அவன் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அம்மாவும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் வாசற்படியோரம் போய் நின்றுகொண்டேன், பக்கத்தில் உட்காரவில்லை என்று யாருக்கோ கணக்குக் காட்டுகிறவள் மாதிரி. ஆறு, படகு, குத்துச்சண்டை எல்லாம் வந்தது. அம்மா வாயைத் திறந்து கதாநாயகனைத் திட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் பேய் பேசியது. என் குரல். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்த முறை நானும் பின்னால் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ கேட்கிற மாதிரி, அவனுக்கு ருசி போயிருச்சே, அப்பறம் எப்படிச் சாப்பிடுறான் என்றாள். சொன்னேன். அந்த வெள்ள உடுப்புக் கெழவன் ஏன் வீட்டைக் கொளுத்துறான் என்றாள். அது எனக்கே தெரியாது என்றேன். ஆரம்பத்திலிருந்து சொல்லு என்றாள். வெங்காயத்தை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். படம் பார்க்கக் கூடாது என்றுதானே வேண்டுதல். கதை கேட்கக் கூடாது என்று இல்லையே. இருக்கிறதா? இல்லை என்றே வைத்துக்கொண்டேன். கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அம்மா, போகாதடா, அங்க போகாத, சொன்னா கேளு என்று அவனைத் திட்டினாள். எத்தனை காலமாயிற்று அந்தத் திட்டைக் கேட்டு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பாலத்துச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து கூடத்திலிருந்து பேய் ஓங்கி அலறியது. நான் அலறிய அலறல்தான். அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெங்காய வாசத்தோடு, ஈரத்தோடு, பழைய அதே இறுக்கம்.  நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன், விட்டால் அவளுக்கு வேண்டுதல் ஞாபகம் வந்துவிடும் என்று.

தம்பி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். பிரிஜ்ஜைத் திறந்தான், குடித்தான், என்னக்கா இவ்ளோ பயமா கத்தியிருக்க என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் வந்ததிலிருந்து போகிற வரையில் அம்மா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கூடத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகு, என் கையை மெதுவாக விட்டாள். முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். கத்தியை எடுத்து, பாதி உரித்த வெங்காயத்தைத் திரும்ப உரிக்க ஆரம்பித்தாள்.

"ம், அப்பறம்?" என்றாள், என்னைப் பார்க்காமல்.